உங்களுக்குத் தெரியுமா? ராஜா வீட்டுச் சொற்கள்

★ பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் எல்லாம் ஒரு துணைவேந்தர் இருக்கிறார். அவருக்கு மேலே வேந்தர். தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆளுநர்தான் அந்த வேந்தர். நடுவில் இணைவேந்தர் என்று துறை அமைச்சர். முடியாட்சி போய் இவ்வளவு காலம் ஆன பிறகும் பட்டமளிப்பு விழா மேடையில் இரண்டு மூன்று வேந்தர்களை ஒன்றாகப் பார்க்க முடிகிறது. சங்க காலத்தில் இந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட மாட்டார்கள். சேர, சோழ, பாண்டியர் மூவர்தான் வேந்தர். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிகூட வேள்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. வேந்தரைக் குறிக்கும் சான்சலர் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்தைத் தேடிப் போனால், நீதிமன்றக் கிராதியின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் ஒரு சேவகன்தான் கிடைக்கிறான். கிராதி ஓரம் நின்றவனைத் தூக்கி அரியணையில் உட்கார வைத்தது நம் தமிழ். துணைவேந்தரை நியமிப்பது யார் என்ற சண்டையோ உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பே வந்தது. சேவகன் வேலைக்கு இவ்வளவு போட்டி வராது.

★ கோ என்றால் அரசன். இல் என்றால் வீடு. கோயில் என்பது முதலில் அரண்மனை. இது பலருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அதைக் கல்லிலேயே பார்க்கலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில், ராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் போட்ட உத்தரவு வெட்டப்பட்டிருக்கிறது. எங்கே இருந்துகொண்டு உத்தரவு போட்டானாம்? தஞ்சாவூர்க் கோயிலுக்குள், இருமடிசோழன் என்ற மண்டபத்தின் கிழக்கே, திருமஞ்சனசாலையில். கோயில் என்று அங்கே சொல்லியிருப்பது அவனுடைய அரண்மனையை. திருமஞ்சனசாலை என்பது அரசர் குளிக்கும் கூடம். நாம் இன்று பெரிய கோயில் என்று சொல்கிறோமே, அதை அவன் தான் எடுப்பித்த திருக்கற்றளி என்கிறான். கல்லால் ஆன தளி, அதாவது சாமி இருக்கும் இடம். அதற்குப் பெயர் இராசராசேச்சரம்.

அந்த உத்தரவில் அரசன் தன்னை நான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நாம் கொடுத்தவை, நம் அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை என எல்லாவற்றையும் கல்லில் வெட்டுக என்கிறான். அக்கன் என்பது அக்கா குந்தவை. பட்டியலில் மனைவிமாருக்கு முன்னால் அக்காவை வைத்த தம்பி.

கேரளத்தில் சொல் இன்னும் பழைய வீட்டிலேயே குடியிருக்கிறது. நிலம்பூர்க் கோவிலகம் என்றால் அங்கே சாமி சந்நிதியைத் தேடக்கூடாது. அது அரச குடும்பத்தின் வீடு.

★ இறை என்ற சொல்லும் அரண்மனையை விட்டுக் கிளம்பி சந்நிதிக்குப் போனதுதான். திருக்குறளில் இறைமாட்சி அதிகாரம் கடவுளைப் பற்றியதல்ல, அரசனைப் பற்றியது. இன்னொரு பக்கம், இறை என்றால் வரி. கோயிலுக்கும் பிராமணர்களுக்கும் விட்ட வரியில்லா நிலம் இறையிலி. ஆள்பவன், அவன் வாங்கும் வரி, அவனுக்கும் மேலே இருப்பவன் மூன்றுக்கும் ஒரே சொல். இந்திய அரசமைப்பின் முகப்புரையைத் தமிழாக்கியவர்களும் அதையே எடுத்து இறையாண்மை என்று வைத்துக்கொண்டார்கள்.

★ அரசர் செத்தார் என்று எழுதக்கூடாது. துஞ்சினார் என்றுதான் எழுத வேண்டும். துஞ்சுதல் என்றால் தூங்குதல். சங்க காலத்தில் ஒரே பெயரில் பல அரசர்கள் இருந்ததால், யார் எங்கே துஞ்சினார் என்பதையே அடையாளமாக வைத்தார்கள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி. மண்டபத்தில், மாடத்தில், ஆற்றங்கரையில் என்று ஆளுக்கொரு படுக்கை.

பிற்காலச் சோழர்களும் இதை விடவில்லை. சுந்தர சோழன் காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் இறந்தான். கல்வெட்டில் அவன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். 949இல் தக்கோலப் போரில், யானை மேல் இருந்தபடியே அம்பு பட்டு விழுந்தான் இளவரசன் ராஜாதித்தன். அவன் ஆனைமேற்றுஞ்சின தேவர். 1054இல் கொப்பத்தில் அதே மாதிரி முதலாம் ராஜாதிராஜனும் யானை மேலேயே போனான். அவனுக்கும் அதே பட்டம். போர்க்களத்தில், அம்பு மழையில், யானையின் முதுகில் ஒருவருக்குத் தூக்கம் வந்தது என்று எழுத எவ்வளவு மரியாதை வேண்டும்!

அரசன் செய்யும் எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் ‘அருளி’ ஒட்டிக்கொள்ளும். வந்தால் எழுந்தருளி, கேட்டால் கேட்டருளி, பேசினால் திருவாய் மொழிந்தருளி. இன்று அந்த ‘எழுந்தருளல்’ உற்சவ மூர்த்திக்கும், திருமண அழைப்பிதழில் பெரியவர்களுக்கும் மிச்சம்.

★ ராஜா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அது எத்தனை கை மாறும் தெரியுமா? சோழர் செப்பேடுகளைப் பார்த்தால் தலை சுற்றும். அருகிலிருந்து கேட்பவர் திருவாய்க்கேள்வி. அதை ஓலையில் எழுதுபவர் திருமந்திர ஓலை. சரிபார்த்து ஒப்பமிடுபவர் திருமந்திர ஓலைநாயகம். பிறகு வரித்துறை ஆட்கள் வரிசையாக வருவார்கள். வரிப்பொத்தகம் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். வரிக் கணக்குப் புத்தகமே அவர் பதவியின் பெயர். கோப்பு நகர்வது ஆயிரம் ஆண்டுகளாக இப்படித்தான்.

★ சோழ அரசர்களுக்கு இரண்டே இரண்டு அரியணைப் பெயர்கள். அப்பா இராசகேசரி என்றால் மகன் பரகேசரி. பேரன் மறுபடி இராசகேசரி. முன்னது அரசர்களுக்குள் சிங்கம், பின்னது பகைவர்களுக்குச் சிங்கம். முதலாம் ராஜராஜன் இராசகேசரி, ராஜேந்திரன் பரகேசரி, ராஜாதிராஜன் இராசகேசரி என்று ஊஞ்சல் போல ஆடும். பாண்டியர்களிடம் மாறவர்மன், சடையவர்மன் என்ற இரட்டை. மாறவர்மன் மாறி மாறி வருவான் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே பழக்கம். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரண்டு பெயர்களையே மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். அரசவையில் உருவான நூல்களுக்கும் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. சோதிடத்துக்குச் செகராசசேகரமாலை, வைத்தியத்துக்குப் பரராசசேகரம். 1619இல் போர்த்துக்கேயர் அரசைப் பிடித்துக்கொண்டார்கள். நாட்டு வைத்தியர்கள் நூலை விடவில்லை.

இந்த இரட்டைப் பெயர்களால் கல்வெட்டு அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெறும் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் எந்தப் பரகேசரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது அடைமொழி கிடைத்தால் நிம்மதி. மதிரை கொண்ட கோப்பரகேசரி என்றால் முதலாம் பராந்தகன். மதுரையைப் பிடித்தவன்.

★ திருவிதாங்கூரில் விஷயம் இன்னும் எளிது. ராஜாவின் பெயரைக் கேட்டாலே அவர் பிறந்த நட்சத்திரம் தெரிந்துவிடும். சுவாதித் திருநாள், உத்திராடம் திருநாள், ஆயில்யம் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள். ஜாதகம் பார்க்கத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்த பிறகு, அரசர்கள் எல்லோரும் பத்மநாபதாசர்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான்களும் பிரகதாம்பாள் தாசர்கள் ஆனார்கள். அவர்கள் அடித்த காசுக்குக்கூட ராஜா பெயர் கிடையாது, அம்மன் காசு.

★ ‘கொண்டான்’ என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு பெரிய வரைபடமே போடலாம். பல்லவன் நரசிம்மவர்மன் 642இல் சாளுக்கியர் தலைநகரைப் பிடித்து வாதாபிகொண்டான் ஆனான். ராஜராஜன் சயங்கொண்டான், உய்யக்கொண்டான். ராஜேந்திரன் முடிகொண்டான், கங்கைகொண்டான், கடாரங்கொண்டான். இவை பட்டத்தோடு நின்றிருந்தால் பாடப்புத்தகத்தோடு போயிருக்கும். ஊருக்கும் ஆற்றுக்கும் வைத்தார்களே! அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம், அதன் பக்கத்தில் கங்கைகொண்டசோழபுரம், திருவாரூர்ப் பக்கம் முடிகொண்டான் ஆறு, திருச்சிக்குள்ளேயே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால், திருநெல்வேலி பக்கத்தில் தொழிற்பேட்டை வந்திருக்கும் கங்கைகொண்டான். கடாரம் கொண்டான் என்று 2019இல் ஒரு படமும் வந்தது.

கங்கைகொண்டான் கதையில் ஒரு நயம் இருக்கிறது. வென்ற அரசர்கள் வழக்கமாகக் கல்லில் வெற்றித்தூண் நடுவார்கள். ராஜேந்திரன் கங்கை நீரைக் குடங்களில் கொண்டுவரச் செய்து, சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதைத் தண்ணீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது. படுத்துக் கிடக்கும் தூண்! எந்தப் புலவன் எழுதினானோ, அவனுக்கு ஒரு கிராமத்தையே இறையிலியாக விட்டிருக்கலாம்.

நல்ல பட்டம் என்று என்னைக் கேட்டால் இந்தக் கொண்டான்களில் ஒன்றையும் சொல்லமாட்டேன். முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று ஒரு பேர். வழிச்சுங்கத்தை எடுத்துவிட்டவன். டோல்கேட்டில் காத்து நிற்கும்போது நினைவுக்கு வரவேண்டிய பெயர் அதுதான்.

★ மும்முடிச் சோழன் என்று ராஜராஜனுக்கு ஒரு பட்டம். இலங்கையின் வட பகுதியைப் பிடித்ததும் அதற்கு மும்முடிச் சோழ மண்டலம் என்று பெயர் வைத்தார்கள். பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆனது. ஜனநாதன் என்பதும் அவன் பட்டம்தான். உள்நாட்டு வளநாடுகளுக்கும் அருமொழிதேவ வளநாடு, சத்திரிய சிகாமணி வளநாடு, கேரளாந்தக வளநாடு, நித்தவினோத வளநாடு என்று வரிசையாகத் தன் பெயர்களையே சூட்டினான். நெல் அளக்கும் மரக்காலுக்கும் அருமொழிதேவன் என்று பெயர். பிறகு வந்த குலோத்துங்கன் காலத்தில் வளநாட்டுப் பெயர்கள் மாறின. ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை மாறுவது நேற்று வந்த வழக்கமில்லை.

வேலைக்காரர்களும் தப்பவில்லை. பெரிய கோயிலைக் கட்டிய தச்சர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். அங்கே முடி வெட்டியவர் ராஜராஜப் பெருநாவிசன்.

★ முடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தலையில் வளர்வதும் முடி, தலையில் வைப்பதும் முடி. 1936இல் இங்கிலாந்தின் எட்டாம் எட்வர்ட் காதலுக்காக முடிதுறந்தார் என்று எழுதினால் நமக்குப் புரிகிறது. பழனிக்குப் போய் முடி துறந்தவர்களைப் பற்றி யாரும் வரலாறு எழுதுவதில்லை. சிலப்பதிகாரம் தந்த இளங்கோவடிகளின் பெயரிலேயே இந்த விளையாட்டு ஒளிந்திருக்கிறது. இளங்கோ என்றால் இளவரசன். அடிகள் என்றால் துறவி. முடி வேண்டாம் என்றவருக்கு அடி கிடைத்தது.

★ பல்லவம் என்றால் வடமொழியில் தளிர். பல்லவர் குலத்து முதல்வன் குழந்தையாகத் தளிர்ப் படுக்கையில் கிடந்தான் என்று ஒரு கதையே கட்டிவிட்டார்கள். மகேந்திரவர்மன் அதையும் தாண்டி, லளிதாங்குரன் என்று ஒரு பட்டம் வைத்துக்கொண்டான். அங்குரம் என்றாலும் முளை, தளிர். தமிழ் தன் பங்குக்கு அவர்களைத் தொண்டையர் என்றது. தொண்டை என்பது கோவைக் கொடி. எப்படிப் பார்த்தாலும் அந்த வம்சத்துக்குக் கொடி, இலை, தளிர்தான்.

இந்த மகேந்திரனுக்குப் பட்டப்பெயர் ஒரு போதை. விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி, குணபரன், சத்துருமல்லன், மத்தவிலாசன். கடைசிப் பெயரை அப்படியே தான் எழுதிய நகைச்சுவை நாடகத்துக்கும் வைத்தான், மத்தவிலாசப் பிரகசனம். மத்த என்றால் போதையேறிய என்று பொருள். நாடகத்தில் வருபவர் குடிபோதையில் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடும் காபாலிகர். அரசன் தன் பட்டத்தையே கேலிக்குக் கொடுத்தது நம் ஊரில் அபூர்வம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் விசித்திரசித்தன் கட்டியது என்று மண்டகப்பட்டில் எழுதிவைத்தவனும் இவனே. சென்னைப் பல்லாவரத்தில் அவன் குடைந்த குகையில், உத்திரத்தில் வடமொழியும் தெலுங்கும் கலந்து இந்தப் பெயர்கள் இருக்கின்றன. அந்தக் குகை இன்று தர்கா.

அவன் வம்சத்து ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் தன் பட்டங்களைச் சுற்றுச் சிற்றாலயங்களில் வெட்டிவைத்தான். 200க்கு மேல் தேறும். கட்சி மாநாட்டுப் பதாகை எழுதுபவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

★ விஜயநகர அரசர்களின் பட்டம் ஒன்று சொல்விளையாட்டுப் பிரியர்களுக்குப் பண்டிகை விருந்து. 14ஆம் நூற்றாண்டில் புக்கன் போன்றோர் தங்களை ஹிந்துராய சுரத்ராணன் என்று சொல்லிக்கொண்டார்கள். சுரத்ராணன் என்பது சுல்தான் என்ற அரபுச் சொல்லுக்கு வடமொழி வேட்டி கட்டிவிட்டது. இந்து அரசர்களில் சுல்தான்! ஆனால் பிரித்துப் பார்த்தால் சுர என்றால் தேவர், த்ராணம் என்றால் காப்பு. தேவர்களைக் காப்பவன் என்றும் பொருள் வந்துவிடும். எதிராளியின் பட்டத்தை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப் பொருள் ஏற்றி, மாலையும் போட்டுவிட்டார்கள். பாஷைக்குத் தப்புவராயர கண்டன் என்றும் அவர்களுக்கு ஒரு பட்டம் உண்டு. சொன்ன சொல் தவறும் ராஜாக்களை அடக்குபவன். தேர்தல் அறிக்கைக் காலத்தில் காலியாக இருக்கும் பதவி.

★ நவாப் என்பது பன்மை. நாயிப் என்றால் பிரதிநிதி. மரியாதைக்காகப் பன்மையாக்கி நவாப் ஆனது. நாம் அரசனை அரசர் ஆக்குவது போலத்தான். ஆற்காட்டு நவாப் ஒருவர்தான், ஆனால் சொல்லுக்குள் பல பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பம் சென்னை அமீர் மகாலில் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டத்தோடு இன்றும் இருக்கிறது.

★ ராஜினாமாவில் ராஜா இல்லை. இதை நம்பாதவர்கள் உண்டு. பதவியை விட்டு இறங்குவதால் ராஜா நாமம் போட்டுவிட்டார் என்று விளக்கம் சொன்னவர்களையும் கேட்டிருக்கிறேன். உண்மையில் அது அரபு-பாரசீகச் சொல். ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் பத்திரம். வழக்காடுபவர்கள் சமரசமாகப் போய் எழுதிக் கொடுப்பது ராஜிநாமா. ‘ரெண்டு பேரும் ராஜி ஆயிட்டாங்க’ என்று கிராமத்தில் சொல்வதும் அதே ராஜிதான். சம்மதப் பத்திரம் என்பது எப்படியோ வேலையை விடும் கடிதமாகிவிட்டது. சம்மதமில்லாமல் எழுதி வாங்கப்படும் ராஜினாமாக்களுக்கு வேறு பெயர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாறாக, ராஜநாகம், ராஜகோபுரம், ராஜபிளவை, ராஜபாட்டை எல்லாவற்றிலும் ராஜா உண்டு. பெரிது என்பதற்கு அடையாளம். சர்க்கரை நோயாளி முதுகில் வரும் கட்டிக்குக்கூட ராஜமரியாதை.

★ வங்கியில் கொடுக்கும் செக், சுங்கச்சாவடிக்கு முன்னால் வரும் செக்போஸ்ட், ஆஸ்பத்திரி செக்கப் எல்லாவற்றுக்கும் ஒரே தாத்தா. அவர் பாரசீக ராஜா. சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவைக் குறிவைக்கும்போது ‘ஷா’ என்பார்கள். ராஜா, ஜாக்கிரதை என்று அர்த்தம். அது ஐரோப்பா போய் செக் ஆனது. ராஜாவுக்கு வழியே இல்லை என்பது ஷா மாத், அதாவது செக்மேட். தடுத்து நிறுத்துவது, சரிபார்ப்பது, பணத்துக்கான சீட்டு என்று ஆங்கிலத்தில் கிளை விட்டது. நாம் காசோலை என்று அதை மொழிபெயர்த்தபோது ஷாவை இறக்கிவிட்டு ஓலையை ஏற்றிக்கொண்டோம்.

சதுரங்கப் பலகையில் ராஜாவுக்குப் பக்கத்தில் நம் ஊரில் மந்திரி. ஐரோப்பாவில் ராணி. பலம் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்.

★ ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, குலுக்கிப் போட்டு விளையாடியிருப்பீர்கள். ராஜாச் சீட்டு வந்தவனுக்குத்தான் அதிகப் புள்ளி. அவன் செய்ய வேண்டியது எதுவுமில்லை. சீட்டைப் பிரித்துக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். முழி முழியென்று முழித்துத் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டியது போலீஸ். தப்பாகக் கைகாட்டினால் அவன் புள்ளி திருடனுக்குப் போய்விடும். அரசியல் விஞ்ஞானம் முழுவதும் கோடை விடுமுறையிலேயே முடிந்துவிட்டது.

★ அரசு என்றால் ராஜா, ஆட்சி, மரம் மூன்றும். ஊருக்கு ஊர் பிள்ளையார் உட்கார்ந்திருப்பது மூன்றாவது அரசின் அடியில். மக்களாட்சிக்கு நாம் வைத்த குடியரசு என்ற பெயரிலும் பழைய அரசு அப்படியே இருக்கிறது. பெரியார் 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கிய ஏட்டின் பெயர் குடி அரசு. குடி என்றால் மக்கள். 2003 முதல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்த பிறகு, குடிமகன் என்ற நல்ல சொல் அடைந்த கதியை இங்கே விளக்க வேண்டியதில்லை.

★ வஞ்சப்புகழ்ச்சி என்று அணியிலக்கணத்தில் ஒன்று உண்டு. புகழ்வது போல் குத்துவது. அதற்கு நம் மூத்த சான்று ஔவையார். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவை அதைப் பாராட்டுகிறார். உன் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, பளபளவென்று காவலில் இருக்கின்றன. எங்கள் அரசன் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில். உன்னுடையது ஒருநாளும் போர் பார்த்ததில்லை என்று எங்கேயும் சொல்லவில்லை.

★ சாளுக்கிய வம்சத்தில் புலகேசி என்ற பெயரில் பேர்போனவர்கள் இருவர்தான். 2006இல் சிம்புதேவன் இயக்கிய படத்தில் 23ஆம் புலிகேசி வந்துவிட்டார். புலகேசியைப் புலிகேசி என்றாலே புலிமுடி வந்துவிடுகிறது. இம்சை அரசன் என்ற அடைமொழி வைத்தது படம். அந்தப் படத்தில் அரண்மனைப் புலவர் ராஜாவை வஞ்சப்புகழ்ச்சியாகவே பாடி மாட்டிக்கொள்வார். இம்சை அரசனாக நடித்த அதே வடிவேலு, 2023இல் மாரி செல்வராஜின் மாமன்னன் படத்தில் மாமன்னனாக வந்தார். இந்த முறை கிரீடம் இல்லை, வெள்ளை வேட்டி; பதவி, சட்டமன்ற உறுப்பினர். ராஜா வேஷத்தில் சிரிக்க வைத்தவர் ராஜா என்ற பெயரில் அழ வைத்தார்.

எம்.ஜி.ஆர். இயக்கிய முதல் படம் 1958இல் வந்த நாடோடி மன்னன். நாடோடியும் மன்னனும் எதிர்ச்சொற்கள். இரண்டு வேடத்தையும் ஒருவரே போட்டதில் முரண் தீர்ந்தது.

★ பட்டம் கட்டுதல் என்றால் உண்மையாகவே கட்டுவது. நெற்றியில் பொன் தகட்டைக் கட்டுவார்கள். அந்தத் தகடுதான் பட்டம். யானைக்குக் கட்டினால் பட்டத்து யானை. பல்கலைக்கழகத்தில் சுருட்டிக் கொடுப்பதும் பட்டம், பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வானம் கொள்ளாமல் பறப்பதும் பட்டம். பள்ளிக்கூடத்தில் பின்வரிசை வைப்பது பட்டப்பெயர். சேவகம் செய்யாமல் இலவசமாகக் கிடைப்பது கடைசி ஒன்றுதான்.

சோழர் காலத்தில் ஜெயங்கொண்டார், ஒட்டக்கூத்தர் போன்ற புலவர்களுக்குக் கவிச்சக்கரவர்த்தி என்ற பட்டம் கிடைத்தது. ராஜாவைப் பாடுபவர் சக்கரவர்த்தி! சினிமா வந்தபோது அரியணைகள் பெருகின. ஏழிசை மன்னர் தியாகராஜ பாகவதர், மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன், காதல் மன்னன் ஜெமினி கணேசன். கண்ணதாசன் கவியரசு, அடுத்து வந்த வைரமுத்து கவிப்பேரரசு. அதற்கு மேல் போக மொழியில் இடம் கொஞ்சம்தான் பாக்கி.

★ தெனாலிராமனுக்குக் கிடைத்த விகடகவி என்ற பட்டத்தைப் பின்னாலிருந்து படியுங்கள். வி, க, ட, க, வி. கிருஷ்ணதேவராயர் சபையின் கோமாளிக்கு வாய்த்த இந்தப் பெயர், ராயரின் எந்தப் பட்டத்துக்கும் வாய்க்கவில்லை. இப்படி இரண்டு பக்கமும் ஒன்றாக ஓடும் பாட்டுக்குத் தமிழில் மாலைமாற்று என்று பெயர்.

★ 1972இல் அரசு பேருந்துகள் வந்தபோது சென்னைக்குப் பல்லவன், கோவைக்குச் சேரன், மதுரைக்குப் பாண்டியன், கும்பகோணத்துக்குச் சோழன். ‘பல்லவன்ல போனேன்’ என்று சொன்ன சென்னைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு தலைவர்கள் பெயர்களும் சேர்ந்து, ஒரு பெயரை வைத்து மோதல் வெடிக்க, 1997இல் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். ரயிலில் மட்டும் ராஜாக்கள் தப்பினார்கள். பாண்டியன் மதுரைக்கு, சோழன் திருச்சிக்கு, பல்லவன் காரைக்குடிக்கு, சேரன் கோவைக்கு என்று எக்ஸ்பிரஸ்கள் ஓடுகின்றன. முதல் மூன்றும் வழக்கமாக எழும்பூர் வண்டிகள். சேரன் மட்டும் சென்ட்ரல்.

★ உங்கள் ஊர்ப் பெயரில் கொண்டான், சோழபுரம், மங்கலம், நல்லூர், பேட்டை என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அது எந்த ராஜாவின் எந்தப் பட்டம் என்று ஊர்க் கோயில் கல்வெட்டில் இருக்கக்கூடும். புதுப்பிக்கிறோம் என்று மணல் பீய்ச்சித் தேய்ப்பதற்கும் சுண்ணாம்பு அடிப்பதற்கும் முன்னால் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். கிடைத்ததை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த தொகுப்பில் உங்கள் ஊர் ராஜாவுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.